மாமா கட்டிய விமானம், சொந்தங்கள் கட்டிய மாலை

ஊரில் மற்ற மாமாக்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பார்கள், சாப்பிட்டுத் தூங்குவார்கள், எழுந்து கிரிக்கெட் பார்ப்பார்கள். என் சின்ன மாமா விமானம் கட்டினார். பில்டப் என்று நினைக்காதீர்கள். பொம்மை விமானமோ ரிமோட் விமானமோ இல்லை. ஓர் ஆள் உட்கார்ந்து எஞ்சினை முடுக்கினால் மேலே போகிற விமானம். போகவேண்டிய விமானம் என்று சொல்வது இன்னும் சரி. அலுமினியக் குழாய்கள், அவற்றின் மேல் இழுத்துப் போர்த்திய துணி, மூன்று சக்கரம், முதுகுக்குப் பின்னால் எஞ்சின், அதற்கும் பின்னால் மரக் காத்தாடி. தூரத்திலிருந்து பார்த்தால் மூன்று சக்கர சைக்கிள் மேல் யாரோ வேட்டி காயப்போட்ட மாதிரி இருக்கும். எனக்கு அப்போது ஒன்பது வயது. உலகத்தில் அதைவிட மாஸான பொருள் இருக்க முடியாது என்று நம்பினேன். இப்போதும் அந்தக் கருத்தில் பெரிய மாற்றம் இல்லை.

சின்ன மாமா அம்மாவின் தம்பி. கோவில்பட்டியில் விதை, உரக்கடை வைத்திருந்தார். அம்மாவின் அண்ணன் பெரிய மாமா, தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அதில் என்ன கெத்தோ தெரியாது. அந்த ஆபீசுக்குப் பின்னால், மருந்தும் குச்சியும் இல்லாமல் சும்மா கிடந்த பழைய ஷெட்டில்தான் விமானம் வளர்ந்தது. மாமா இன்டர்நெட்டில் வரைபடம் வாங்கி வைத்திருந்தார். வெளிநாட்டுத் தாத்தாக்கள் தங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் விமானம் கட்டுகிற வீடியோக்களை, சாமி படம் பார்க்கிற பக்தியோடு திரும்பத் திரும்பப் பார்ப்பார்.

துணி வேலை முழுக்க அத்தை, அதாவது சின்ன மாமாவின் மனைவி. அத்தைக்குப் பிறந்த ஊர் புதியம்புத்தூர். அங்கே பிள்ளைகள் பேசுவதற்கு முன்பே ஊசியில் நூல் கோப்பார்கள் என்று அம்மா கிண்டலடிப்பாள். அத்தையின் அப்பா அங்கே ரெடிமேட் யூனிட் வைத்திருந்தார். அத்தை இறக்கைத் துணியைப் பெரிய தலையணை உறை மாதிரி தைத்து, குழாய்க்கூட்டை உள்ளே விட்டு, முனையில் இழுத்துக் கட்டினாள். தட்டினால் மேளம் மாதிரி டொம் என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வருகிறவரை பிரித்துப் பிரித்துத் தைத்தாள்.

அந்த ஷெட்டில் ஒரே ஒரு மந்திரம்தான், எடை. நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டின் நுனியை மாமா அறுத்து எடுப்பார். தையலுக்குப் பிறகு தொங்குகிற நூலை அத்தை நறுக்கி, உள்ளங்கையில் வைத்து ஊதிவிடுவாள். நான் ஒருமுறை இறக்கையில் பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் ஒட்டினேன். மாமா அதை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, "பட்டாம்பூச்சிக்கும் எடை உண்டு பாப்பா" என்றார். அந்த வாரம் முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

பறக்க இடம் வேண்டுமே. நாகலாபுரம் பக்கம், மாமா கடையில் விதை வாங்குகிற காட்டுக்காரர் ஒருவர் இருந்தார். (மழையை நம்பி விதைக்கிற நிலத்தை எங்கள் பக்கம் காடு என்போம், அங்கே போய் மரத்தைத் தேடாதீர்கள்.) கரிசல் கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். காலை வைத்தால் கணுக்கால் வரை உள்ளே போகும். மாமா வெடிப்பை எல்லாம் மண் போட்டு மூடி, டிராக்டருக்குப் பின்னால் கல் உருளையை இழுக்கவிட்டு, நீளமாக ஒரு பட்டை போட்டார். கன்னங்கரேலென்று தார் ரோடு மாதிரியே இருந்தது. பக்கத்தில் மின்கம்பி கிடையாது, பட்டாசு ஆபீஸ் கிடையாது. ஒரு கோடியில் ஓடை, ஓடைக்கரையில் வேலிக்கருவைப் புதர், அவ்வளவுதான். இதற்கெல்லாம் அரசாங்கத்தில் பெர்மிஷன் வாங்க வேண்டாமா என்று கேட்கிறவர்கள் நேராக அடுத்த பத்திக்குப் போய்விடலாம்.

வாரத்தில் ஒருநாள் விடியக்காலையில் மாமாவும் அத்தையும் இறக்கைகளைக் கழற்றி எல்லாவற்றையும் லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். வெயில் ஏறுவதற்குள் புழுதியும் பெட்ரோல் வாசனையுமாகத் திரும்புவார்கள். "தரையில ஓட்டிப் பாத்தோம், நல்லாத்தான் இருக்கு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஆவணி பாதியில் பெரிய மாமா கெடு வைத்தார். தீபாவளிக்கு முன்னால் ஆர்டர் குவியும். அவருக்கு ஷெட் வேண்டும். அதைவிட, கடைத்தெருவில் ஆட்கள் கேட்கிற கேள்வி அவருக்குத் தாங்கவில்லை.

"ஏலே, 'உங்க தம்பி பிளேனு இன்னும் டயருலதான் ஓடுதா'ன்னு கேக்கான் ஒவ்வொருத்தனும். காட்டுக்காரன் விதைக்கதுக்குள்ள சொந்தக்காரங்க முன்னால ஒரு தடவ பறத்திக் காட்டு. இல்லன்னா ஷெட்டைக் காலி பண்ணிருதேன். குழாயைப் பூராம் பழைய இரும்புக்கடையில நானே கொண்டுபோய்ப் போட்டுட்டு வாரேன்."

சொன்னால் செய்கிற ஆள். புரட்டாசி பிறந்தால் காட்டுக்காரர் விதைத்துவிடுவார். அதன் பிறகு ஒரு மழை விழுந்தால் கரிசல் பசையாகிவிடும். செருப்போடு நடந்தால் ஆளுக்கு யானைக்கால் வந்த மாதிரி மண் அப்பிக்கொள்ளும். மாசியில் அறுவடை முடிகிறவரை அங்கே மாடுகூட ஓட முடியாது, விமானமா ஓடப்போகிறது. மாமா "சரிண்ணே" என்று மட்டும் சொன்னார். ஆவணிக் கடைசி ஞாயிறு என்று முடிவானது.

இங்கேதான் எங்கள் குடும்பம் தன் வேலையைக் காட்டியது. பெரிய மாமா சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவிட்டார். எங்கள் வீடுகளில் புது வண்டி என்றால் பூஜை உண்டு. பூஜை என்றால் யாரும் வெறுங்கையோடு வரமாட்டார்கள். பைக் வாங்கினாலே ஹேண்டில்பார் தெரியாத அளவுக்கு மாலை விழும். இதுவோ பிளேன்!

முதலில் பெரிய மாமா வந்தார். கையில், இல்லை, இரண்டு ஆட்களின் தோளில், ஒரு தகர போர்டு. அவருடைய தீப்பெட்டி லேபிளையே பெரிதாக வரைந்து, "மூன்று கிளி" என்று எழுதி, சுற்றி இரும்புச் சட்டம் அடித்திருந்தது. அதைச் சக்கரங்களுக்கு மேலே, கீழிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி கட்டச் சொன்னார். அடுத்து என் அம்மா. கழுகுமலை முருகனுக்கு நேர்ந்துகொண்டு வாங்கிய பித்தளை வேல், என் கை நீளம் இருக்கும். அதை விமானத்தின் மூக்கில் கட்டினாள். புதியம்புத்தூர் தாத்தா, அத்தையின் அப்பா, பெண் வீட்டுச் சீராக முழு விமானத்துக்கும் ஒரு தார்ப்பாய் உறை தைத்துக் கொண்டுவந்திருந்தார். அதை எதற்கு விமானத்தில் ஏற்றவேண்டும் என்று யாரோ கேட்டதற்கு, "போற வழியில மழை வந்தா போத்திக்கிட வேண்டாமா?" என்றார். அதை மடித்து சீட்டுக்குப் பின்னால் கட்டினார்கள். காட்டுக்காரர் தன் பங்குக்கு ஒரு மூட்டை உளுந்து விதையைக் கொண்டுவந்தார். "விதை ஒரு சுத்து ஆகாயத்துல போயிட்டு வந்து மண்ணுல விழட்டும் அண்ணாச்சி, இந்த வருசம் மழைக்குக் கொறையிருக்காது" என்றார். மறுக்க முடியுமா? நிலமே அவருடையது. சித்திமார், பெரியம்மாமார், ஒன்றுவிட்ட அண்ணன்மார் எல்லோரும் சம்பங்கியும் ரோஜாவுமாகத் தொங்கவிட்டார்கள். அச்சில் எலுமிச்சை மிளகாய்ச் சரம். யாரோ வாழைக்கன்று இரண்டு கொண்டுவந்தபோது மட்டும் மாமா கையெடுத்துக் கும்பிட்டு, "காத்தாடில மாட்டும்" என்று தடுத்தார். போல்ட் நுனியை அறுத்த மனிதர் மற்ற எல்லாவற்றுக்கும் "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார்.

பூசணிக்காய் உடைத்தார்கள். எஞ்சின் பிடித்துக்கொண்டது. மாமா ஹெல்மெட்டை மாட்டி உட்கார்ந்தார். விமானம் கிளம்பியது, ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. தேர் மாதிரி ஆடி அசைந்து, மாலைகள் குலுங்க, பட்டையின் மறுகோடி வரை போய், ஓடைக்கு முன்னால் புழுதிக்குள் நின்றது. சக்கரம் மண்ணைவிட்டு ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை. திருப்பிக்கொண்டு வந்து மறுபடியும் ஓட்டினார். மறுபடியும் ஓடைதான்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த ஊர் இளவட்டங்கள் ஆரம்பித்துவிட்டார்கள்.

"அண்ணாச்சி, மணியாச்சி ஜங்ஷன் போவுமா? ரெண்டு டிக்கெட் குடுங்க!"

"ஏலே, அது பிளேன் இல்லலே, பூப்பல்லாக்கு!"

சிரிப்பு பரவியது. பெரிய மாமா சிரிக்கவில்லை. செல்போனை எடுத்து, தள்ளிப்போய், எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே பேசினார். மறுமுனையில் பழைய இரும்புக்கடைக்காரர். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கிழக்கே வேறு மேகம் கட்டத் தொடங்கியிருந்தது.

மாமா இறங்கி வந்தார். "அண்ணே, எடை கூடிப்போச்சு. கொஞ்சம் சாமானை எறக்குனா போயிரும். போர்டை அவுக்கட்டா?"

"அவுப்பியா? ஷெட்டு யாருலே குடுத்தா?"

மாமா அம்மாவின் பக்கம் திரும்பினார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அம்மா, "முருகன் வேலை அவுத்தேன்னு வையி, எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இல்லன்னு நெனச்சுக்கிடுதேன்" என்றாள். புதியம்புத்தூர் தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பொண்ணு வீட்டுச் சீருன்னா எளக்காரம்தான். எறக்கிக்கிடுங்க" என்றார். இதற்கு மேல் எப்படி இறக்குவது? காட்டுக்காரரோ, ஏற்றின விதையைக் கீழே வைத்தால் மண் கோபித்துக்கொள்ளும் என்றார். எல்லோருக்கும் விமானம் பறக்க வேண்டும். அடுத்தவர் கட்டியதை அவிழ்க்க எல்லோருக்கும் முழுச் சம்மதம். பெரிய மாமா பித்தளை வேலைக் காட்டினார், அம்மா போர்டைக் காட்டினாள், ஒரு சித்தி இன்னொரு சித்தியின் ரோஜா மாலையைக் காட்டி, "அதுதான் ஈரமா இருக்கு, கனக்கும்" என்றாள். கொஞ்ச நேரத்தில் பேச்சு விமானத்தை விட்டுவிட்டு, பழைய கல்யாணங்களில் யார் யாருக்கு என்ன மரியாதை குறைந்தது என்பதற்குப் போய்விட்டது.

மாமா ஹெல்மெட்டைக் கழற்றினார். "சரி, எல்லாம் இருக்கட்டும். ஒண்ணை மட்டும் எறக்கிருதேன்."

"என்னத்த?" என்றார் பெரிய மாமா.

"என்னையத்தான்."

மாமாவுக்குக் கறிக்குழம்பின் அருள் வயிற்றில் தெரியும். கணக்கு எல்லோருக்கும் உடனே புரிந்தது. ஆனால் ஆள் இல்லாமல் எப்படிப் போகும்? ஒல்லியான ஆளைத் தேடினார்கள். எல்லோர் கண்ணும் லோடு வண்டி டிரைவர் மேல் விழுந்தது. குச்சி மாதிரி இருப்பார். அவர் இரண்டடி பின்னால் போய், "ரிவர்ஸ் கியர் இல்லாத வண்டிய நான் தொடுததில்ல அண்ணாச்சி" என்றார்.

அத்தை அதுவரை இறக்கையின் கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டுச் சேலைகளுக்கு நடுவே அவள் மட்டும் சுடிதாரில் வந்திருந்தாள். அதைப் பற்றி அம்மா காலையிலேயே முணுமுணுத்திருந்தாள்.

"நான் வேணா ஏறட்டுமா?" என்றாள் அத்தை. பந்தியில் ரசம் ஊற்றட்டுமா என்று கேட்கிற அதே குரல்.

எல்லோரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள். பெரிய மாமா தம்பியிடம் பாய்ந்தார்.

"ஏலே, பொண்டாட்டிய ஏத்தி விட்டுட்டு நீ கீழ நின்னு வேடிக்கை பாக்கப் போறியா? நாளைக்கு வெளிய தல காட்ட முடியுமாலே?"

மாமா ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டு நின்றார். பதில் அத்தையிடமிருந்து வந்தது.

"அப்பம் நீங்க போர்டை அவுத்துருங்க அத்தான். அவுத்தா இவியளே போவாவ" என்று மாமாவைக் காட்டினாள்.

பெரிய மாமா போர்டைப் பார்த்தார். அந்நேரம் பார்த்து ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் "மூ-ன்-று கி-ளி" என்று எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தான். பெரிய மாமா தம்பியைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார். "எடை கம்மிதான?" என்றார், யாரிடம் என்று இல்லாமல். அவர் சம்மதம் சொல்லும் அழகு அது. அம்மா போய் வேலின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள். "வேல் முன்னால நிக்கி. நீ ஏறுட்டி" என்றாள். தாத்தா மட்டும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை ஏறி உட்கார்ந்தாள். மாமா பெல்ட்டை மாட்டி, ஹெல்மெட்டில் செல்லமாகத் தட்டிவிட்டு விலகினார். இந்தத் தடவை ஓட்டத்தின் சத்தமே வேறு. பாதிப் பட்டைகூடத் தாண்டவில்லை. முன்சக்கரம் மண்ணை விட்டது. பிறகு பின்சக்கரங்கள். தரைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் முதலில் வெளிச்சம் ஒரு கோடு தெரிந்தது. கோடு பட்டையாகி, பட்டை வானமாகிவிட்டது. ஓடை கீழே போனது, வேலிக்கருவை கீழே போனது. ரோஜா இதழ்கள் காத்தாடிக் காற்றில் சிதறி எங்கள் தலைமேல் விழுந்தன.

"போர்டு தெரியுதா? ஏலே, அங்கன இருந்து போர்டு தெரியுதா?" பெரிய மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விமானத்துக்குக் கீழே ஓடினார். டிக்கெட் கேட்ட இளவட்டங்கள் விசிலடித்தபடி அவருக்குப் பின்னால் ஓடினார்கள். அம்மா கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. காட்டுக்காரர் தன் உளுந்து மூட்டை எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். விதைக்காத கரிசல் எல்லாப் பக்கமும் விரிந்து கிடந்தது. அதன்மேல் விமானத்தின் நிழல் அவசரமில்லாமல் ஊர்ந்துபோனது. ஆடுகள் மட்டும் நிழலுக்கு வழிவிட்டு விலகின. தூரத்துப் பனைகளை ஒட்டி அத்தை வளைந்து திரும்பினாள். எஞ்சின் சத்தம் தேய்ந்து, மறுபடி வளர்ந்தது. மாமா அசையாமல் நின்று பார்த்தார். விமானம் சாய்ந்தபோது அவரும் கொஞ்சம் சாய்ந்தார்.

இறங்கும்போது சக்கரம் தரையில் தொட்டு, தாவி, மறுபடி தொட்டு ஓடி, நாங்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. அத்தை எஞ்சினை அணைத்தாள். ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவள் முகத்தில் இருந்தது என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பரீட்சை எழுதிவிட்டு வெளியே வருகிற அக்காமார் முகம் மாதிரி இருந்தது.

"நம்ம ஷெட்டுல கட்டுனது!" என்று பெரிய மாமா வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். இரும்புக்கடைக்காரருக்கு மறுபடி போன் போட்டு, வரவேண்டாம் என்று சொன்னதோடு, வந்து பார்த்துவிட்டுப் போ என்றும் சொன்னார். அப்புறம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் இந்தக் கதை ஒரே மாதிரிதான் சொல்லப்படுகிறது: எடை கூடிப்போச்சு, வேற வழியில்லாம மருமக ஏறிட்டா. இப்படிச் சொல்வதில் யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை.

எனக்கு மட்டும் மாமாவை நினைத்து மனசு கேட்கவில்லை. திரும்பி வரும்போது லோடு வண்டியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். "அடுத்த தடவ நீங்க போங்க மாமா" என்றேன். "போவோம் பாப்பா" என்று என் தலையில் கைவைத்தார். அடுத்த தடவை அவருக்கு முதுகுவலி. அதற்கடுத்த தடவை காற்று அவருக்குச் சரியில்லை, அத்தைக்குச் சரியாக இருந்தது. பிறகு யாரும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். பாவம், சொந்தக் கையால் கட்டியும் பறக்கக் கொடுத்துவைக்காத மனுஷன் என்றே நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாசி மாதம் காலேஜ் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். ஷெட்டில் யாரும் இல்லை. செல்ஃபி எடுக்கலாம் என்று விமானத்தில் ஏறி உட்கார்ந்தேன். நான் அத்தை உயரம்தான் வந்திருக்கிறேன். அதற்கு மேல் வளர எனக்குக் கொடுப்பினை இல்லை. உட்கார்ந்ததும் பாதம் தானாகப் பெடலில் போய் நின்றது. நீட்டாத கைக்கு லீவர் வந்தது. அளவு ஜாக்கெட் கொடுத்துத் தைத்த மாதிரி எல்லாம் கச்சிதம். மெக்கானிக்கல் படிக்கிறவள் அல்லவா, பிற்பாடு மாற்றியிருப்பார்கள் என்று குனிந்து பார்த்தேன். சீட்டை முன்னே பின்னே நகர்த்த வழியே இல்லை. மாற்றித் துளைபோட்ட தடமும் இல்லை. பெடலைச் சட்டத்தோடு வைத்து ரிவெட் அடித்திருந்தது. குழாயை அறுத்த அன்றைக்கே எடுத்த அளவு.

மாமா ஆறடி. அன்று அவர் உட்கார்ந்தபோது இரண்டு முட்டியும் ஏறக்குறைய தாடையைத் தொட்டன. சின்ன பிளேன், அப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் அத்தனை பேரும் நினைத்தோம். விடியக்காலைகளில் தரையில் ஓட்டிப் பார்த்தது இரண்டு பேரில் யார் என்று ஒருத்தரும் கேட்கவே இல்லை.

வெளியே லோடு வண்டி ஹாரன் கேட்டது. கூடவே மாமாவின் குரல்.

"ஏட்டி, உள்ள என்ன செய்யுத? எறங்கு. உங்க அத்தைக்கு நேரமாவுதுல்ல."